31 வேலிக்கட்டைகள், அதில் 30 சீமெந்து போடாமல் நட்டவை: மூன்று மாரிக்குப் பிறகு

2022 ஆவணியில் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடி வளவுக்கு வேலி போட வெளிக்கிட்டபோது 50 கிலோ சீமெந்து மூட்டை 3,000 ரூபாவைத் தாண்டி நின்றது. அத்தனை குழிக்கும் கொங்கிறீட் என்றால் வேலியை விடக் குழிதான் விலை கூட. நான் சீமெந்தைக் கைவிட்டதற்கு அது ஒன்றுதான் காரணம்.

கட்டைகள் பெரியப்பாவின் பழைய வீட்டுக் கூரையைப் பிரித்ததில் வந்த பனை. நல்ல வைரம் பாய்ந்தவை, 7 அடி நீளம். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்று பெரியப்பா சொன்னார், அதாவது 2 அடி 4 அங்குலம். எங்கள் பக்கம் மணல் என்பதால் இரண்டரை அடியாக்கினோம். ஆனால் காய்ந்த மணலில் குழி நிற்காது, ஒரு பக்கம் தோண்டத் தோண்ட மறுபக்கம் சரியும். முதல் நாள் காலை முழுக்க இரண்டே குழிதான். பிறகு முந்தின நாள் பின்னேரமே குழி வெட்டும் இடங்களில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டோம், அதுக்குப் பிறகுதான் வேலை ஓடியது.

விஷயமே குழியை மூடுவதில்தான் இருக்கிறது. நான் மண்வெட்டியால் ஒரேயடியாகத் தள்ளி மூடிவிட்டு மேலே ஏறி மிதித்தேன். பெரியப்பா பார்த்துக்கொண்டு நின்று, "மகன், மேலால மிதிச்சி என்ன பலன், அடியில வெறும் காத்துத்தான் கிடக்கு, மறுகா ஆடும்" என்றார். கட்டையை இழுத்துப் பார்த்தேன், ஆடியது. அவர் சொன்னபடி, அடியில் ஒரு தட்டைக் கல், அதன்மேல் கட்டை, பிறகு உடைசல் கல்லும் கிரவலும் (சரளை மண்) கலந்து நாலு அங்குலம் மட்டும் போட்டு அலவாங்கின் (கடப்பாரை) மொட்டை முனையால் சுற்றிச் சுற்றி இடிக்க வேண்டும். அலவாங்கு 'ணங்' என்று எகிறும் வரைக்கும் அடுத்த கூடை போடக் கூடாது. உருண்டைக் கல் சரிவராது, மூலையுள்ள கல்தான் ஒன்றையொன்று கடித்துப் பிடிக்கும். கிரவல் லேசாக ஈரமாயிருக்க வேண்டும், தூசாயிருந்தாலும் சேறாயிருந்தாலும் இறுகாது. ஒரு கட்டைக்கு இருபது நிமிடம், கை கொப்புளம். (சல்லிக்கல்லுக்கும் சல்லி போனதுதான், ஆனால் சீமெந்துக்குப் போயிருக்கக்கூடியதற்குக் கிட்டவும் வராது.)

இப்போது மூன்று மாரி போய்விட்டது. 27 கட்டைகள் நட்டபடி நிற்கின்றன. மூலைக்கட்டை ஒன்று முதல் வருடமே உள்பக்கம் சாய்ந்தது. பிழை என்னுடையது: முட்கம்பியை இரண்டு பக்கத்தாலும் இழுத்துக் கட்டிவிட்டு முட்டுக் கொடுக்க மறந்துபோனேன். சரிவாக ஒரு முட்டுக்கட்டை வைத்து மறுபடி இடித்ததோடு சரி. 2024 கார்த்திகை வெள்ளத்தில் பள்ளப்பக்கம் இரண்டு கட்டைகளின் அடிமண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போனது. மணலில் ஓடும் தண்ணீருக்கு முன்னால் எந்த இடியும் நிற்காது. திரும்ப நடும்போது அடியில் குறுக்காக ஒரு மரத்துண்டு அடித்துப் புதைத்தேன். இரண்டையும் பிடுங்கி நட்டு முடிக்க அரை நாள்தான் போனது.

பின்வேலிக்குப் பனை போதவில்லை, அங்கே சீமைக்கிளுவைக் கதியால் மழை தொடங்கும்போது ஊன்றினோம். அதை ஒருவரும் இடிக்கவுமில்லை, இறுக்கவுமில்லை. வேரே பிடித்துக்கொண்டது, ஆட்டுக்குக் குழையும் கிடைக்கிறது. வெட்டாமல் விட்டால் பக்கத்து வளவுக்குச் சாயும், அந்தத் தலையிடி தனி.

மிச்சம் ஒரு கட்டை. கடப்படியில் கேற் தொங்கும் கட்டைக்கு மட்டும் மேசன் விடவில்லை, "கொங்கிறீட் இல்லாட்டி கேற் இழுத்துப்போடும்" என்று ஒரு மூட்டை வாங்க வைத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, அது ஒரு அங்குலமும் அசையவில்லை. ஆனால் மரத்துக்கும் கொங்கிறீட்டுக்கும் நடுவில் விழுந்த வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கி வடிய வழியில்லாமல் நிற்கிறது. போன மாதம் நிலமட்டத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், பாதி இரும்பு உள்ளே போனது. மற்றக் கட்டைகளில் நுனி கூட இறங்கவில்லை. மாற்றத்தான் வேண்டும், அதற்கு முதலில் அந்தக் கொங்கிறீட் குத்தியைக் கிளப்பவேண்டும். கேட்ட இரண்டு பேரும் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்று போனவர்கள்தான்.