ஜேட் செடி நீண்டு சாய்ந்துவிட்டால்: நுனி கிள்ளலா, ஒரே வெட்டா?

எங்கள் ஜன்னலோரத்தில் இருந்த, சதைப்பற்றான இலை கொண்ட ஜேட் செடி மூன்று வருடத்தில் இரண்டு முழம் நீண்டு, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இலையெல்லாம் உச்சியில், அடியில் வெறும் தண்டு. பார்த்தவர்கள் குச்சி கட்டச் சொன்னார்கள். கட்டினால் செடி நிற்கும், அவ்வளவுதான். அதனால் அதை விட்டுவிடுவோம். யோசிக்க வேண்டியவை இரண்டு: நுனி கிள்ளுவது, அல்லது ஒரேயடியாகக் கவாத்து செய்வது, அதாவது தண்டையே வெட்டிவிடுவது.

கிள்ளுவது சுலபம். கிளை நுனியில் இருக்கும் கடைசி இலை ஜோடியை நகத்தாலேயே எடுத்துவிடலாம். அந்த இடத்தில் பெரும்பாலும் இரண்டு துளிர் வரும். செடிக்கும் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் துளிர் வருவது கிள்ளிய இடத்தை ஒட்டித்தான். ஏற்கெனவே தலை கனத்த செடிக்கு உச்சியில் இன்னும் கிளை சேர்ந்தால் சாய்வு கூடத்தான் செய்யும். அடித்தண்டு கட்டைவிரல் தடிமனில் இருந்து, இலை கீழே வரை இருந்தால் மட்டும் இது போதும்.

வெட்டுவதற்கு எனக்கு மனசே வரவில்லை, இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் தண்டைக் கிட்டத்தில் பார்த்தேன். இலை உதிர்ந்த இடங்களில் மோதிரம் போட்டதுபோல மெல்லிய கோடு தண்டைச் சுற்றி ஓடும். அதுதான் கணு, துளிர் அங்கிருந்துதான் கிளம்பும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் ஒரு கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டினேன். கோட்டுக்கு மேலே மிச்சம் நின்ற அந்த அரை சென்டிமீட்டர் மட்டும் காய்ந்து சுருங்கியது. மூன்றாவது வாரம் கோட்டின் இரு பக்கமும் அரிசி முனை அளவுக்குப் பச்சை.

நம் ஊர் நர்சரிகளில் ஜேட் என்று தருவது பல நேரம் போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. செம்பழுப்புத் தண்டு, நகம் அளவு இலை. எங்களுடையதும் அதுதான். அதன் சொந்த மண்ணான தென்னாப்பிரிக்காவில் யானைகள் அதை ஒடித்துத் தின்னும், மிச்சம் மறுபடி துளிர்க்கும். நம் கத்திக்கா பயப்படப் போகிறது? இலை பெரிதாக, தண்டு பருத்து இருக்கும் அசல் ஜேட்டான கிராசுலா ஒவேட்டாவும் வெட்டைத் தாங்கும்.

ஆபத்து வெட்டில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. இலை குறைந்த செடி முன்னைப்போலத் தண்ணீர் இழுக்காது. பழக்கத்தில் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மண் முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், துளிர் வரும்வரை உரம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டினால் வெட்டுவாய் காயாது. தை, மாசி நல்லது.

நீண்டு சாய்ந்த செடிக்கு நான் வெட்டைத்தான் சொல்வேன். இன்னொரு லாபமும் உண்டு: வெட்டிய தலையை ஒரு வாரம் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்ததும் மணல் கலந்த மண்ணில் நட்டேன். இப்போது இரண்டு தொட்டிகளும் காலை வெயில் படும் கிழக்குப் பால்கனியில் இருக்கின்றன. பழைய ஜன்னலிலேயே விட்டிருந்தால், புதுத் துளிரும் அதேபோல வெளிச்சம் தேடி நீண்டிருக்கும்.