குக்கருக்குக் குறையில்லை, ரப்பருக்குத்தான்

ஓசூரில் இருக்கும் என் நாத்தனாரின் குழந்தைக்கு ஆறு மாதம் முடியப்போகிறது. பருப்பு சாதம் ஆரம்பிக்க வேண்டும். "பாத்திரத்துக்கெல்லாம் ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே அண்ணி, உங்க வீட்டுல இருக்கிற அதே குக்கரை வாங்கட்டுமா?" என்று போனில் கேட்டாள். 2025 செப்டம்பர் 22 முதல் பாத்திரங்களுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆகிவிட்டது, அது சரிதான். ஆனால் அவள் கேட்ட நேரம், நான் தருமபுரி போய் குக்கருக்கு ரப்பர் மாற்றிக்கொண்டு வந்த வாரம். போனில் சொன்னதில் பாதி கோபம்தான். நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர், வெளிமூடி. மகள் வயிற்றில் இருந்தபோது அம்மா வீட்டில் வாங்கிக் கொடுத்தது. இப்போது அவள் பால்வாடி போகிறாள். இடையில் இந்தக் குக்கர் அடுப்பு ஏறாத நாள் என்றால் ஊருக்குப் போன நாள்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான் அதிகம். கல் போன்ற தண்ணீர். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். இந்தத் தண்ணீரில் துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மஞ்சளாகும், வெடிக்கும், ஆனால் மசியாது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் மெக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதைக் கரைய விடுவதில்லை. பருப்பு பழசாக இருந்தால் இன்னும் மோசம். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வெந்துவிடும் என்று அத்தை சொல்வார்கள். வேகும், உண்மைதான். ஆனால் சோடா போட்டால் பருப்பில் இருக்கும் தயமின் என்ற பி வைட்டமின் கெட்டுப்போகும். குழந்தைக்குக் கொடுக்கிற பருப்பில் எனக்கு அதைப் போட மனம் வரவில்லை.

குக்கரில் அந்தச் சிக்கலே இல்லை. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் 120 டிகிரி வரை சூடாகிறது. போர் தண்ணீராக இருந்தாலும் பருப்பு கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் மசிந்துவிடும். கொள்ளும் அப்படித்தான். ராத்திரி ஊறவைத்துக் காலையில் குக்கரில் போட்டால், வெந்த தண்ணீர் சாறுக்கு, கொள்ளு கடைசலுக்கு. தை மாதம் பிதுக்கம்பருப்பு, அதாவது தோல் பிதுக்கிய மொச்சை, வருகிறபோதும் இதே குக்கர்தான். நாத்தனாருக்கு இது இன்னும் அதிகம் உதவும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைத்தால் கேஸ்தான் போகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுக்குப் பாத்திரம். கீழே பருப்பு, நடுவில் அரிசி, மேலே ஒரு கேரட், ஒரு உருளைக்கிழங்கு. ஒரே அடுப்பு, ஒரே நேரம். பெரியவர்களுக்குச் சாம்பார் ஆகிறது, அதே பருப்பில் உப்பு காரம் போடும் முன் ஒரு கரண்டி எடுத்து, சோறும் கேரட்டும் சேர்த்துப் பிசைந்து நெய் விட்டால் பாப்பாவுக்குச் சாப்பாடு. குழந்தைக்கென்று தனியாகச் சமைக்கவே வேண்டாம். கடையில் விற்கிற டப்பா உணவு எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. அதற்கு இந்த அடுக்குத்தான் காரணம் என்று தயங்காமல் சொல்வேன்.

தண்ணீர் விஷயத்தில் நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்துத் தாய்மார்களுக்கு உபயோகப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கியது. ஃப்ளோரைடு, கொதிக்கவைத்தால் போகிற பொருள் இல்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட மீதித் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். பிள்ளைகளுக்கு முளைக்கப்போகிற நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாவது இந்தச் சின்ன வயதில்தான், எட்டு வயது வரைக்கும் கவனம் வேண்டும். எங்கள் ஊரில் பெரியவர்கள் பல்லில் இருக்கும் பழுப்புக் கோடுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற அன்று பிடித்து வைக்கும் குடம் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்.

அடுக்குப் பாத்திரங்களுக்குள் ஊற்றுவது ஒகேனக்கல் தண்ணீர். குக்கர் அடியில் ஊற்றுவது போர் தண்ணீர். அடித்தண்ணீர் சாப்பாட்டில் படாது. மேலே ஏறுவது ஆவி மட்டும்தான், அதில் உப்பும் வராது, ஃப்ளோரைடும் வராது. இரண்டு டம்ளர் நல்ல தண்ணீர் ஒவ்வொரு வேளையும் மிச்சம். அந்த அடித்தண்ணீரில் குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையைப் போட்டுவிடுவேன். அலுமினியம் கறுக்காது, சுண்ணாம்பும் படியாது. வெந்து முடிந்ததும் அந்தச் சுடுதண்ணீரை எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலியில் ஊற்றி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். புளி விளைகிற ஊரில் இருந்துகொண்டு சக்கையைக் குப்பையில் போடுவானேன்.

விசில் பற்றிப் பலருக்குப் பழக்கம், "நாலு விசில்", "ஆறு விசில்" என்று எண்ணுவது. விசில் என்பது வேண்டாத ஆவி வெளியே போகிற சத்தம், அதோடு போவது நம் கேஸ். அழுத்தம் ஏறிவிட்டால் அடுப்பைக் குறைத்து வைத்தாலே உள்ளே சூடு அப்படியே இருக்கும். வெயிட் லேசாக ஆடி உஸ் என்று சத்தம் வருகிறபோதே நான் சிம்மில் வைத்துவிடுவேன். பத்து நிமிடம் கழித்து அணைத்துவிட்டு மூடியைத் தொடாமல் விட்டால் மீதி அந்தச் சூட்டிலேயே வேகும். இது முதலில் சிக்கனத்துக்காக வந்த பழக்கம் இல்லை. தொட்டிலில் அப்போதுதான் கண்மூடியிருக்கும் குழந்தை ஒரு விசிலுக்குத் திடுக்கிட்டு எழுந்தால் அப்புறம் ஒரு மணி நேரம் வேலை ஓடாது. அதற்காக ஆரம்பித்தேன், 14.2 கிலோ சிலிண்டர் முன்பைவிடக் கூடுதல் நாள் வந்தது தனி லாபம்.

களிக்கு இது உதவாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். 2023 மே மாதம் முதல் நம் மாவட்டத்தில் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். அது கையில் இருக்கும்போது வாரத்தில் பாதி நாள் களிதான். அதற்குச் சட்டியும் துடுப்பும் தோள்பலமும் வேண்டும். களி கிண்டும்போது பக்கத்து அடுப்பில் குக்கர் கீரையையும் பருப்பையும் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு நல்ல குக்கரை நான் ஏன் திட்டுகிறேன்? ரப்பர்.

வாங்கிய முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஆரம்பித்தது. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், வெயிட் அசையாது. கிட்டப் போய்ப் பார்த்தால் கைப்பிடிக்குச் சற்று இடப்பக்கம் மூடி விளிம்பில் சிறு சிறு முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். அது ஒன்றுசேர்ந்து பக்கவாட்டில் வழிந்து பர்னரில் சொட்டும். நீலமாக எரிந்த அடுப்பு மஞ்சளாகும், குக்கர் அடி கரி பிடிக்கும். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் அடியில் தண்ணீர் வற்றியிருக்கும், மேலடுக்கில் கேரட் அப்படியே கடக்கென்று இருக்கும், பருப்பு ஓரத்தில் வெந்து நடுவில் வேகாமல் நிற்கும். மறுபடி தண்ணீர் ஊற்றி மறுபடி ஏற்ற வேண்டும். மிச்சம் பிடித்த கேஸெல்லாம் அங்கேயே போய்விட்டது. இடுப்பில் பசியோடு அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறபோது வருகிற எரிச்சலை எப்படிச் சொல்வது.

வைத்தியங்கள் எல்லாம் செய்தாயிற்று. குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுப்பது, ஃப்ரீசரில் வைப்பது, திருப்பிப் போடுவது. எல்லாம் இரண்டு நாள் பிடிக்கும். விளிம்பு முழுக்கக் கோதுமை மாவைப் பிசைந்து அப்பச் சொன்னார்கள். அது காய்ந்து மூடியில் ஒட்டிக்கொண்டதைச் சுரண்டுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். ரப்பரைச் சுற்றி நூல் சுற்றுகிறவர்களும் உண்டு. சிறு பிள்ளை சமையலறைக்குள் ஓடிவருகிற வீட்டில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். ஆவி எந்தப் பக்கம் பீச்சும் என்று சொல்ல முடியாது. ரப்பர் கசிகிற நாளில் நான் பின்னடுப்பில்தான் வைப்பேன், கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவேன்.

மாற்றிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். மாற்றுவதுதானே பாடு! ஒரே கம்பெனி, ஒரே ஐந்து லிட்டர், ஆனால் மாடலுக்கு ஒரு ரப்பர். குக்கரிலும் எண் கிடையாது, ரப்பரிலும் வெறும் லிட்டர் மட்டும் போட்டிருக்கும். எங்கள் ஊர்ப் பாத்திரக் கடையில் வாங்கியது உள்ளே தொளதொள என்று ஆடியது. இன்னொன்று மூடியே திரும்பவில்லை. தருமபுரியில் கேட்டால், "மூடியை எடுத்துட்டு வாங்கம்மா, போட்டுப் பார்த்துத்தான் கொடுக்க முடியும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது நியாயம்தான். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் பையில் குக்கர் மூடி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, அந்த மட்டும் புண்ணியம். ஆனால் பஸ்ஸுக்கு நின்று, நாலு ரோடு பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி, திரும்பி வர அரை நாள். நூறு, நூற்றைம்பது ரூபாய்ப் பொருளுக்கு அரை நாள்.

ரிப்பேர் செய்கிறவர் நல்ல மனிதர். ரப்பர் போட்டு, ஆடிக்கொண்டிருந்த கைப்பிடி ஸ்க்ரூவையும் இறுக்கி, ஆவி போகிற குழாயில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, தண்ணீர் ஊற்றி ஏற்றிக் காட்டித்தான் கொடுத்தார். ரப்பரை வருடத்துக்கு ஒன்று மாற்றியே ஆக வேண்டும், சூட்டில் இறுகிப் போவது அதன் இயல்பு, சமையல் முடிந்ததும் மூடியிலிருந்து கழற்றிக் கழுவித் தனியாக மாட்டி வைத்தால் கொஞ்சம் கூட வரும் என்றார். இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். தேய்கிற பொருள் தேயத்தான் செய்யும். வாரண்டி அட்டையில் குக்கருக்கு ஐந்து வருடம் என்று பெரிதாகப் போட்டு, ரப்பரும் வால்வும் இதில் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைக்கூட மன்னிக்கலாம். மாடல் எண்ணை மூடியில் ஒரு ஓரமாகக் குத்தி, அதே எண்ணை ரப்பரிலும் அச்சடிக்க அந்தக் கம்பெனிக்கு எவ்வளவு செலவாகிவிடும்? பாத்திரம் பத்து வருடம் உழைக்கும்படி செய்யத் தெரிந்தவர்கள், வருடாவருடம் பெண்கள் அலைவதைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

அதனால் நாத்தனாருக்கு என் பதில், இந்தக் குக்கர் வேண்டாம்மா. இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறேனே என்று நினைக்காதே. புதுசாக என் கையில் பணம் இருந்தால் நானே இதை வாங்க மாட்டேன். ஆள் இரண்டு, குழந்தை ஒன்று என்றால் மூன்று லிட்டர் போதும், அடுக்கு இரண்டு வரும். ஒரு கையால் தூக்க வேண்டியிருக்கும், எடை பார்த்து வாங்கு. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார், 2021 பிப்ரவரி முதல் அது இல்லாமல் குக்கர் விற்கவே கூடாது. ஆனால் விலை, பளபளப்பு, ஆஃபர் எல்லாவற்றுக்கும் முன்னால் உன் தெருமுனைப் பாத்திரக் கடைக்குப் போய் மேலே கொத்தாகத் தொங்குகிற ரப்பர்களைப் பார். எந்தக் கம்பெனி, எந்த மாடல் ரப்பர் அங்கே எப்போதும் கிடைக்கும் என்று கடைக்காரரைக் கேள். அவர் சொல்கிற மாடலை வாங்கு, வாங்குகிற அன்றைக்கே ஒரு ரப்பர் கூடுதலாக வாங்கி வை.