பூசுவதா, இடிப்பதா?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பு 1986இல் கட்டியது. இரண்டு கிரவுண்டு நிலம், எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது. போன மழையில் இரண்டாம் மாடி பால்கனியின் அடிப்பக்கம் பெயர்ந்து ஒரு ஸ்கூட்டர் மேல் விழுந்தது. அன்றிலிருந்து சங்கக் கூட்டத்தில் ஒரே பேச்சு. மராமத்து பார்ப்பதா, பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டுவதா?

மராமத்து என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு கொத்தனார், இரண்டு மூட்டை சிமெண்ட், மேலே பெயிண்ட். அது மராமத்து அல்ல, மூடிமறைப்பு. சென்னையின் பழைய கட்டடங்களுக்கு அடிப்படை வியாதி கம்பி துருப்பிடிப்பதுதான். உப்புத் தண்ணீரில் குழைத்த கான்கிரீட், கடற்காற்று, வருடக்கணக்கில் கசியும் பாத்ரூம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உப்பும்போது கான்கிரீட் பிளந்து விழுகிறது. மேலே பூசினால் உள்ளே துரு அதுபாட்டுக்கு வளரும்.

முறையாகச் செய்வதென்றால் முதலில் கசிவை நிறுத்த வேண்டும். பிறகு கம்பி சுற்றிலும் தெரியும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். இளைத்துப்போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். மொட்டைமாடியில் பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு ஓடு ஒட்டச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே தளர்ந்த தளத்துக்கு அது வீண் பாரம்.

இதையெல்லாம் செய்யலாமா என்பதைத் தூண்கள்தான் சொல்லும். சன்ஷேடும் பால்கனியும் போயிருந்தால் சரிசெய்துவிடலாம். தூண்களே நெடுகப் பிளந்திருந்தால் வைத்தியச் செலவு புதிதாகக் கட்டும் செலவைத் தொட்டுவிடும். கான்கிரீட்டில் கோர் எனப்படும் உருளைத் துண்டு எடுத்துச் சோதித்து அறிக்கை தர ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவரைச் சங்கமே காசு கொடுத்து அமர்த்த வேண்டும். பில்டர் அனுப்பும் எஞ்சினியர் ‘இடி’ என்பார், வாட்டர்புரூஃபிங் கம்பெனி அனுப்புபவர் ‘பூசு’ என்பார்.

இடித்துக் கட்டுவதற்கு முன்பெல்லாம் எல்லா உரிமையாளரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 நடைமுறைக்கு வந்தபின் மூன்றில் இரண்டு பங்கு போதும். எங்கள் எட்டு வீட்டில் ஆறு பேர் சம்மதித்தால் போதும். ஆனால் ஆறு கையெழுத்து கிடைத்துவிட்டால் பில்டர் வந்துவிடுவார் என்று நினைப்பது தப்பு. அவர் கணக்கு வேறு. நமக்குப் புது வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் வீடுகளை விற்றுத்தான் அவர் காசு எடுக்க வேண்டும்.

எங்கள் 4,800 சதுர அடி நிலத்தில் இப்போதுள்ள எஃப்எஸ்ஐ (நிலப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2.0 படி 9,600 சதுர அடி கட்டலாம். கட்டணம் கட்டிக் கூடுதல் எஃப்எஸ்ஐ வாங்க எங்கள் தெருவின் அகலம் போதாது. எட்டு வீடும் தலா 800 சதுர அடி என்றால் 6,400 எங்களுக்கே திரும்ப வேண்டும். பில்டருக்கு விற்க மிஞ்சுவது 3,200, அதாவது நாலு வீடு. 9,600 சதுர அடி கட்டிய செலவை 3,200 விற்று எடுக்க வேண்டுமானால், விற்கும் விலை கட்டும் செலவைப்போல் மூன்று மடங்கைத் தாண்ட வேண்டும். அதன்மேல் கட்டி முடிக்கும்வரை நமக்குத் தரும் வாடகை, அனுமதிக் கட்டணம், லாபம். தி.நகரில் இது தேறும். புறநகரில் தேறாது. எங்களுக்கு ‘வீட்டுக்கு இத்தனை லட்சம் நீங்களும் போடுங்கள்’ என்றுதான் பதில் வந்தது.

இன்னொன்று, பழைய 800ம் புது 800ம் ஒன்றல்ல. புதுக் கட்டடத்தில் லிஃப்ட், அகலப் படிக்கட்டு, முன்கூடம் எல்லாவற்றிலும் நம் பங்கு அந்த 800க்குள் ஏறிவிடும், அறைகள் சுருங்கும். ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப் பரப்பை, எழுதி வாங்குங்கள். பவர் பத்திரம் பில்டரின் பங்குக்கு மட்டும், வாடகைக்கு வங்கி உத்தரவாதம். வேலை பாதியில் நின்றால் தெருவில் நிற்பது நாம்தான்.

இருந்தாலும் இடிக்கச் சொல்பவர்களின் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. தரைத்தளத்து வீட்டுக்காரர் 2015லும் 2023லும் வெள்ளத்தில் கட்டிலை நாற்காலி மேல் ஏற்றியவர். தார் போட்டுப் போட்டு ரோடு எங்கள் வாசலைவிட உயர்ந்துவிட்டது. அவருக்கு ஸ்டில்ட் வேண்டும், அதாவது கீழே வண்டி நிறுத்த விட்டுவிட்டுத் தூண்கள் மேல் வீடு. 74 வயது இரண்டாம் மாடி மாமிக்கு லிஃப்ட் வேண்டும். எத்தனை லட்சம் போட்டு மராமத்து பார்த்தாலும் கார் நிறுத்த இடமோ, வீட்டுக்கு உயரமோ கிடைக்காது. நில நடுக்க வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது 2002இல். அதற்கு முன் கட்டியதை அந்தக் கணக்குக்கு ஈடாக்குவதும் சுலபமில்லை.

என் ஓட்டு மராமத்துக்கு. எங்கள் தூண்கள் தாங்கும் என்று அறிக்கை வந்திருக்கிறது, பில்டருக்கும் எங்களிடம் பெரிய லாபமில்லை. தூண்கள் கெட்டிருந்தால் கைக்காசு போட்டாவது இடிக்கத்தான் சொல்லியிருப்பேன். லிஃப்ட்டை மட்டும் பக்கவாட்டுக் காலியிடத்தில் இரும்புச் சட்டம் எழுப்பி வெளியே வைக்க முடியுமா, விதி விடுமா என்று எஞ்சினியரைக் கேட்டிருக்கிறோம். ஐப்பசியில் மொட்டைமாடியைக் கொத்திப் போட யாருக்கும் துணிச்சலில்லை. வேலை தை பிறந்துதான். அதுவரை பால்கனிக்குக் கீழே வண்டி நிறுத்தக் கூடாதென்று கயிறு கட்டியிருக்கிறோம். ஸ்கூட்டர்காரரே அதைத் தாண்டி நிறுத்துகிறார்.