காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு லேப்ரடார் கென்னல்: குட்டியும் எடுத்தேன், ட்ரெயினிங்கும் போறேன், விவரமா எழுதுறேன்

கிருஷ்ணகிரி, தர்மபுரி சுத்துவட்டாரத்துல நல்ல லேப் குட்டி எங்க கிடைக்கும்னு நிறைய பேர் கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் இது. காவேரிப்பட்டணத்துல இருந்து உள்ள போற ரோட்டுல ஒரு மாந்தோப்புக்குள்ள இருக்கு இந்த இடம். போர்டு கிடையாது. ஓனர் அண்ணன் பேரையும் நம்பரையும் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, குட்டி இல்லாத நேரத்துலயும் போன் வந்துக்கிட்டே இருக்குதாம். அந்தப் பக்கம் நாய் வளக்குறவங்க யாரை கேட்டாலும் வழி சொல்லிடுவாங்க.

பெரிய தலை, குண்டு உடம்பு, போட்டோவுக்கு அழகா இருக்கணும்னு தேடுறவங்களுக்கு இந்த இடம் சரிப்பட்டு வராது. இந்த அண்ணன் வேலை செய்யற லேப்தான் ப்ரீட் பண்றாரு. லேப்ரடார் பொறந்ததே வேலைக்குத்தான், நியூஃபவுண்ட்லாந்து தீவுல மீனவங்க கூட தண்ணியில நீந்தி வலை கயிறு இழுத்த நாயோட வம்சம், அப்புறம் இங்கிலாந்து போயி சுட்ட பறவையை பதமா வாயில கவ்விட்டு வர்ற நாயா ஆச்சு, 1903ல அங்க கென்னல் கிளப் தனி இனமா ஏத்துக்கிச்சு. அந்த புத்தி, அந்த வாய் பதம், ஒரு வேலைன்னு சொன்னா கண்ணுல வர்ற அந்த வெளிச்சம், இதெல்லாம் இல்லாத லேப் கலர் மட்டும்தான் லேப்ங்கிறது அண்ணனோட கட்சி. நானும் இப்ப அதே கட்சிதான்.

குட்டி கேட்டு போனா முதல்ல அவருதான் நம்மள கேள்வி கேப்பாரு. சொந்த வீடா வாடகையா, பகல்ல வீட்ல யாரு இருப்பாங்க, தரை டைல்ஸா சிமெண்டா, மாடியில கட்டி வைக்கப்போறீங்களா. நான் இருந்தப்பவே ஒருத்தர் ரைஸ்மில் காவலுக்கு வேணும்னு வந்தாரு, "காவலுக்குன்னா ராஜபாளையம், கோம்பை பாருங்க சார், இதை கட்டிப்போட்டா வீணாப் போயிடும்"னு சொல்லி மோர் குடுத்து அனுப்பிட்டாரு. விக்கிறதுல அவசரமே இல்ல.

அப்புறம்தான் தாயை காட்டினாரு. இது ரொம்ப முக்கியம், தாயை காட்டாத இடத்துல குட்டி எடுக்கவே எடுக்காதீங்க. மஞ்சள் லேப், ஒல்லின்னு கூட சொல்லலாம், விலா எலும்பு கைக்கு தட்டுப்படுற மாதிரி இருந்துச்சு. ஏன் இப்படி வச்சிருக்கீங்கன்னு கேட்டா, 48 லேப் குட்டிகளை வச்சு ப்யூரினாங்கிற நாய் தீனி கம்பெனி ஆயுசு பூரா பண்ண ஆய்வை சொன்னாரு. ஒரே ஈத்து குட்டிகளை ஜோடி ஜோடியா பிரிச்சு, ஒண்ணுக்கு மத்ததை விட 25 சதவீதம் கம்மியா சாப்பாடு போட்டு பாத்ததுல, கம்மியா சாப்பிட்டது சராசரியா கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூடுதலா வாழ்ந்துச்சு, மூட்டு தேய்மானமும் லேட்டாத்தான் வந்துச்சு. 2002ல வந்த ஆய்வு அது. இன்னொண்ணும் இருக்கு, லேப் எப்பவும் பசியோடவே சுத்துறதுக்கு அதோட ஜீன்லயே ஒரு காரணம் இருக்குன்னு 2016ல கேம்ப்ரிட்ஜ்ல கண்டுபிடிச்சாங்க, பிஓஎம்சின்னு ஒரு ஜீன்ல ஒரு துண்டு விட்டுப்போயிருக்கு, கிட்டத்தட்ட நாலுல ஒரு லேப்புக்கு அது இருக்கு. அதனால நாய் கெஞ்சுதேன்னு தட்டை நிரப்புனா நாமதான் அதுக்கு கெடுதல் பண்றோம். நம்ம ஊர்ல பாக்கற பாதி லேப் தயிர்சாதம் தின்னே நடக்க முடியாம போயிடுது, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

அடுத்து ரிப்போர்ட் ஃபைல். தாய் தகப்பன் ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே இருக்கு, மயக்கம் குடுத்து மல்லாக்க படுக்க வச்சு பின்னங்கால் ரெண்டையும் நேரா நீட்டி எடுக்கற எக்ஸ்ரே. பிரிட்டிஷ் முறையில ஒரு பக்கத்துக்கு 0ல இருந்து 53 வரைக்கும் மார்க், ரெண்டு பக்கமும் சேத்து 106, எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லதுன்னு பொறுமையா படத்துலயே விரல் வச்சு காட்டினாரு, தொடை எலும்போட உருண்டை குழிக்குள்ள எவ்வளவு ஆழமா உக்காந்திருக்குன்னு நமக்கே தெரியுது. அதோட டிஎன்ஏ டெஸ்டும் இருக்கு. இஐசின்னு ஒரு வியாதி, நல்லா ஓடிட்டு இருக்கிற நாய் அஞ்சு பத்து நிமிஷத்துல பின்னங்கால் துவண்டு விழுந்துடும், நம்ம வெயிலுக்கு அது உயிருக்கே ஆபத்து. தாய் அந்த ஜீனை ஒரு பக்கம் சுமக்குது, தகப்பன் சுத்தம், அதனால குட்டி எதுக்கும் வியாதி வராது, ஆனா பாதி குட்டி சுமக்கலாம், ப்ரீட் பண்ணா டெஸ்ட் பண்ணிட்டு பண்ணுங்கன்னு அவரே முன்னாடி சொல்லிட்டாரு. மறைச்சிருந்தா எனக்கு எப்படி தெரியும்? அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

கலர் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். ஸ்டாண்டர்ட்ல, அதாவது இந்த இனம் எப்படி இருக்கணும்னு கென்னல் கிளப் எழுதி வச்ச விவரத்துல, கறுப்பு, மஞ்சள், சாக்லேட் மூணுதான். சில்வர், சார்கோல்னு சொல்லி டபுள் விலை கேட்டா திரும்பி வந்துடுங்க. ரெண்டு மஞ்சளை சேத்தா மஞ்சள் மட்டும்தான் வரும், அந்த ஈத்துல கறுப்பு குட்டி இருக்குன்னு யாராச்சும் காட்டினா அந்த பேப்பரை நம்பாதீங்க. நான் எடுத்த குட்டி பேரு மணி, அவனோட அம்மா மஞ்சள், அப்பா கறுப்பு, அப்பா மஞ்சள் ஜீனை உள்ள வச்சிருக்கிறதால ரெண்டு கலரும் வந்துச்சு, மணி கறுப்பு.

குட்டியை எட்டு வாரம் முடியற வரைக்கும் குடுக்கவே மாட்டாரு. 2017 நாய் வளர்ப்பு விதியிலயே அப்படித்தான் இருக்கு, எட்டு வாரத்துக்கு முன்னாடி விக்கக்கூடாது, ஒரு தாய் ஆயுசுக்கு அஞ்சு ஈத்துக்கு மேல போடக்கூடாது, மைக்ரோசிப் வேணும். தெரிஞ்சவர் ஒருத்தர் வேற எங்கயோ ஒரு மாசத்து குட்டியை சல்லிசா வாங்கிட்டு வந்து பார்வோங்கிற வைரஸ் நோய்ல ஒரே வாரத்துல பறிகுடுத்தாரு, வீட்ல பிள்ளைங்க அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. இங்க குட்டிங்க ரூமுல மணல் ஒரு மூலை, கோணிச்சாக்கு ஒரு மூலை, எவர்சில்வர் தட்டு, தகர டப்பா எல்லாம் கிடக்கும், அண்ணன் வீட்டு அக்கா சமைக்கும்போது கரண்டி சத்தம், மிக்ஸி சத்தம் எல்லாம் கேட்டே வளருதுங்க. மணி தீபாவளிக்கு வெடிச் சத்தத்துல காது மட்டும் தூக்கி பாத்துட்டு படுத்துக்கிச்சு.

இப்ப ட்ரெயினிங். நாயை விட்டுட்டு போயி மூணு மாசம் கழிச்சு வாங்கிக்கிற கதை இங்க கிடையாது, நாமளும் கூட நிக்கணும். சனி ஞாயிறு காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு எட்டுக்குள்ள முடிச்சிடுவாரு, வெயில் ஏறினா ஒரு நாயையும் ஓட விட மாட்டாரு. அடி கிடையாது, சங்கிலியை சுண்டி இழுக்கறது கிடையாது. ஒரு நீள விசில்னா உக்காரணும், சின்ன சின்னதா நாலஞ்சு தடவ ஊதினா ஓடி வரணும். நாய் எடுத்துட்டு வர்றதுக்காக எறியற டம்மியை அக்காவே கைல தைக்கறாங்க, சாக்குத்துணிக்குள்ள தேங்கா நார் அடைச்சு, அரை கிலோ வெயிட்டு, கடையில வாங்கற கேன்வாஸ் டம்மியை விட வாயில நல்லா பிடிப்பு இருக்கு.

ராகி அறுத்த கொல்லையில ஒரு நாள் ரெண்டு டம்மி எறிஞ்சாங்க, ஒண்ணு புங்க மரத்தடியில, இன்னொண்ணு வரப்புக்கு அந்தப் பக்கம். நாய் ரெண்டையும் பாத்து ஞாபகம் வச்சுக்கணும், பேர் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது. மணிக்கு தோள்பட்டை நடுங்குது, ஆனா பின்பக்கம் தரையை விட்டு எழும்பல. பேர் சொன்னதும் வரப்புக்கு நேரா போயி எடுத்துட்டு வந்து கைல குடுத்தான். ரெண்டாவதுக்கு அனுப்பினா மரத்தை தாண்டி போயிட்டான். நான் விசிலை வாய்கிட்ட கொண்டு போனேன், அண்ணன் "சும்மா இருங்க தம்பி, காத்து அவன் பக்கம் இருக்கு"ன்னாரு. மணி நின்னான், மூக்கை தாழ்த்தினான், ஒரு அரை வட்டம் போட்டு காத்துக்கு எதிர திரும்பி நேரா டம்மி மேல போயி நின்னான். இதுக்காகத்தானே இந்த நாயை வாங்கினோம்னு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு.

தண்ணி வேலை தோப்புல இருக்கிற பண்ணைக்குட்டையிலதான். நிறைய லேப் கரை ஏறின உடனே டம்மியை கீழ போட்டுட்டு உடம்பை சிலுப்பும், போட்டியில அது பெரிய குறை. அதுக்கு இவர் பண்றது, முதல்ல நம்மள முட்டி ஆழத்துல தண்ணியிலயே நிக்க வச்சு, நாய் சிலுப்பறதுக்கு முன்னாடியே வாங்கிக்க சொல்வாரு, அப்புறம் கரையோரம், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு ரெண்டு அடியா பின்னாடி நகத்துவாரு. சத்தம் போடாம, திட்டாம அந்த பழக்கம் போயே போச்சு.

மாம்பழ சீசன்ல வந்தா ஒரு விஷயத்துல கவனம். லேப் மாங்கொட்டையை அப்படியே முழுங்கிடும், குடல்ல அடைச்சா ஆபரேஷன்தான். அண்ணன் சீசன்ல ட்ரெயினிங்கை மரம் இல்லாத பக்கம் கம்பிவேலி போட்ட கொல்லைக்கு மாத்திடறாரு, ஆனா கேட்டுல இருந்து அங்க போற வழியில பழம் விழுந்து கிடக்கும், கயித்தை கட்டையா பிடிச்சுக்கோங்க.

போட்டின்னு பாத்தா, நம்ம நாட்ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை கிடையாது, அதனால சுட்ட நிஜ பறவையை எடுத்துட்டு வர வைக்கிற வெளிநாட்டு ஃபீல்டு ட்ரயல் போட்டிக்கு இங்க பேச்சே இல்ல. டம்மி வச்சு நடத்தற வொர்க்கிங் டெஸ்ட் மாதிரி இவரே ஓனர்களுக்குள்ள நடத்தறாரு, டம்மியை எடுத்துட்டு வர்ற ஒவ்வொரு ரிட்ரீவுக்கும் 20 மார்க், எங்க மார்க் போச்சுன்னு பக்கத்துல உக்காந்து சொல்லுவாரு. ஊட்டியில மே மாசம் தென்னிந்திய கென்னல் கிளப் ஷோவுக்கும் ஆர்வம் இருக்கறவங்களை தயார் பண்றாரு, ஆணுக்கு 56, 57 சென்டிமீட்டர் உயரம், நீர்நாய் வால் மாதிரி அடி தடிச்ச வால், ரெட்டை ரோமம்னு ஸ்டாண்டர்டை நாய் மேலயே கை வச்சு சொல்லி குடுப்பாரு. ஆனா ஷோ ரிங்குல ஜெயிக்கணும்னு மட்டும் குறியா இருந்தா, கனமான நாய் வச்சிருக்கறவங்க முன்னாடி இவர் நாய்ங்க மெலிசா தெரியும். அதை அவரும் ஒத்துக்கறாரு, உடம்பை ஏத்த மாட்டேங்கறாரு. ஒபீடியன்ஸ் க்ளாஸ்ல கதை வேற, கயிறு இல்லாம கூட நடக்கறது, கூப்பிட்டா வர்றது, படுக்க வச்சிட்டு நாம தள்ளி நிக்கறது, இதுல இந்த கென்னல் நாய்ங்க தனியா தெரியும்.

குறைகள் இருக்கு. கென்னல் ஷெட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஏப்ரல்ல மத்தியானம் உள்ள நிக்க முடியல, மேல தென்னங்கீத்து போட்டிருக்காரு, அது பத்தாது, அதனால ஊருக்கு போறப்ப மணியை இங்க போர்டிங் விட மாட்டேன். கேசிஐ, அதாவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவு பேப்பர் நான் திரும்ப திரும்ப கேட்டு ரொம்ப நாள் கழிச்சுத்தான் கைக்கு வந்துச்சு, அவர் அப்ளை பண்ணதே லேட்டு, ஷோவுக்கு போற எண்ணம் இருந்தா குட்டி எடுக்கற அன்னைக்கே இதை பேசி தேதி வாங்கிடுங்க. பொம்பளைங்க வந்தா பாத்ரூமுக்கு அவங்க வீட்டுக்குள்ளதான் போகணும், அக்கா நல்லா பேசுவாங்கதான், ஆனாலும் ஞாயித்துக்கிழமை அவ்வளவு பேர் வர்ற இடத்துல தனியா ஒண்ணு கட்டியே ஆகணும்.

குட்டி 35,000 ரூபாய், ரெண்டு தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் சேத்து. ட்ரெயினிங் மாசம் 4,000. சந்தையில 8,000க்கு கிடைக்குதேன்னு கேப்பீங்க, இடுப்பு ஆபரேஷன் ஒண்ணு வந்தா ஆகற செலவை ஒரு டாக்டர்கிட்ட விசாரிச்சுட்டு அப்புறம் கணக்கு போடுங்க.

அந்தப் பக்கம் நாய் வளக்குறவங்ககிட்ட நம்பர் கேட்டு வாங்கி, போறதுக்கு முன்னாடி கண்டிப்பா போன் பண்ணிட்டு போங்க. சின்ன குட்டிங்க இருக்கிறப்ப வெளியாள் யாரையும் உள்ள விட மாட்டாரு, விட்டாலும் செருப்பை கேட்லயே கழட்டி, மருந்து தண்ணியில கால் நனைச்சுட்டுத்தான் போகணும். அதே நாள்ல வேற கென்னல் பாத்துட்டு இங்க போகாதீங்க, கேட்டா உண்மையை சொல்லிடுங்க, இன்னொரு நாள் வர சொல்லுவாரு. அடுத்த ஈத்து தை மாசத்துக்கு மேலதான், இப்பவே பேர் குடுத்து வச்சா நல்லது.