ஆறினால் என்ன ஆகும்? பணிஸுக்கு ஒரு கடை, டிம்சமுக்கு ஒரு கடை

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வரும். "சைனீஸ் பேக்கரியில பணிஸ் வாங்குவமா, இல்லாட்டி டிம்சம் சாப்பிடப் போவமா?" பணிஸ் என்றால் பேக்கரியின் பன், டிம்சம் என்றால் பெரும்பாலும் ஆவியில் அவித்துச் சின்னச் சின்னதாகத் தரும் சீனச் சிற்றுண்டி. கேட்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருபது வருடமாக இரண்டுக்கும் மாறி மாறிப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்றல்ல. விலையை மட்டும் வைத்துத் தீர்மானித்தாலும் பிழையாகிவிடும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வாங்குகிற சாமான் ஆறினால் என்ன ஆகும்?

முதலில் பேக்கரி. எங்கள் பக்கத்து பிளாசாவில் இருப்பது நகவேலை செய்யும் கடைக்கும் பல் வைத்தியருக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு கடை. கதவைத் திறந்தவுடன் தட்டங்களும் இடுக்கிகளும் அடுக்கியிருக்கும். தட்டத்தில் மெழுகுத்தாள் ஒன்றைப் போட்டு, கண்ணாடி மூடியைத் தூக்கி, வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். காசாளர் அன்ரி ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டு, வாய்க்குள் எண்ணியபடியே கணக்குப் பார்ப்பார். காசு மட்டும்தான், அட்டை எடுக்க மாட்டார்கள். ஒரு பணிஸ் 2 டொலருக்குக் கொஞ்சம் மேலே கீழே. ரொறன்ரோவில் ஒரு கோப்பியே அந்த விலைதான்.

இந்தக் கடைகள் இங்கே வந்த கதைக்கும் எங்கள் கதைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர் நாங்கள் வந்தோம். 1984இல் ஹொங்கொங்கைச் சீனாவிடம் திருப்பிக் கொடுக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானதும் அங்கிருந்தவர்கள் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். அதே 1984இல்தான் ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில், கிளென் வாட்ஃபர்ட் வீதியில், சில்லுச்சப்பாத்து ஓடும் மண்டபமாக இருந்த கட்டடம் டிராகன் சென்டர் என்ற சீனக் கடைத்தொகுதியாக மாறியது. ஹொங்கொங் ஆட்கள் கொண்டுவந்த பணிஸ் வகைகளைத்தான் இன்றைக்கும் நாங்கள் பொதுவாக 'சைனீஸ் பணிஸ்' என்கிறோம்.

அவற்றில் ராஜா போ லோ பாவ், அதாவது அன்னாசிப் பணிஸ். முதல் தடவை வாங்கிக் கொடுத்தபோது அம்மா பிய்த்துப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "எங்க பிள்ளை அன்னாசி?" என்றார். அன்னாசி கிடையாது. மேலே சீனியும் முட்டையும் கொழுப்பும் சேர்த்த மெல்லிய பிஸ்கட் மாவு வெடித்துக் கட்டம் கட்டமாக நிற்பது அன்னாசித் தோல்போல இருப்பதால் அந்தப் பெயர். இதைச் செய்யும் கைப்பக்குவத்தை 2014இல் ஹொங்கொங் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முட்டை டார்ட்டும் பால் தேத்தண்ணியும் கூடவே சேர்ந்துகொண்டன.

அடுத்தது காய் மெய் பாவ். நேரடியாகச் சொன்னால் 'கோழிவால் பணிஸ்'. கொக்டெயில் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே சீனத்தில் போட்டிருக்கிறார்கள். 1950களில் விற்காமல் மிஞ்சிய பணிஸ்களை அரைத்து, சீனியும் தேங்காய்ப்பூவும் கலந்து புதுப் பணிஸுக்குள் வைத்து விற்றதில் பிறந்ததாம். தேங்காயும் சீனியும் என்றால் எங்கள் ஆட்களுக்கு அறிமுகம் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பூசணித் தோசியின் தூரத்து உறவு மாதிரி இருப்பது 'லோ போ பெங்' என்ற பெண்சாதிக் கேக். உள்ளே சீனியில் ஊறிய நீத்துப்பூசணி! காசி அல்வாவுக்குத் துருவும் அதே பூசணிதான். ஆனால் ஒன்று, மேலே உள்ள அந்த உதிர் உதிரான தோலுக்கு வழக்கமாகப் போடுவது பன்றிக்கொழுப்பு. முட்டை டார்ட்டின் அடுக்குத் தோலிலும் பல கடைகளில் அதுவே. மரக்கறிக்காரரும் பன்றி சாப்பிடாதவரும் உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது, மாவில் என்ன கொழுப்பு என்றும் கேட்க வேண்டும். ஒரு கடையில் 'மரக்கறி' என்று எழுதியிருந்ததை நம்பி மாமிக்கு வாங்கிக் கொடுத்து, பாதி சாப்பிட்ட பிறகு பன்றித்துண்டு தட்டுப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு. மாமி அதற்குப் பிறகு நான் கொடுக்கும் எதையும் முதலில் திறந்துதான் பார்ப்பார்.

கறி மாட்டிறைச்சிப் பணிஸும் இருக்கிறது. மஞ்சள் நிறம், இலேசான வாசம், மற்றபடி இனிப்பு. அதைக் கறி என்று ஒத்துக்கொள்ள அம்மாவுக்கு இன்னும் மனம் வரவில்லை.

பணிஸ் விஷயத்தில் பேக்கரியை அடிக்க யாரும் இல்லை. காரணம் மாவு. இந்த மென்மையான பாணுக்குப் பல இடங்களில் ஒரு வேலை செய்கிறார்கள்: கொஞ்ச மாவைத் தண்ணீரிலோ பாலிலோ கரைத்து, 65 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிக் கூழாக்கி, ஆறவைத்து மற்ற மாவோடு சேர்த்துப் பிசைவது. டாங்ஜொங் என்று சொல்வார்கள். வெந்த மாவு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் அடுத்த நாளும் பாண் பஞ்சுபோல இருக்கும். ஆறினாலும் கெடாது என்பதுதான் இங்கே விஷயம். இனிப்பாக வாட்டிய பன்றியிறைச்சியை உள்ளே வைத்த சா சியூ பாவில் இரண்டு வகை உண்டு. அவணில் சுட்டது ஆறினாலும் பரவாயில்லை. ஆவியில் அவித்த வெள்ளை பாவ், உச்சி பூவாய் வெடித்தது, சூட்டோடு சாப்பிட வேண்டியது. ஆறினால் தோல் ரப்பர்.

அதே கடையின் மறு பக்கத்தில், காசாளருக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஆவி பறக்க டிம்சம் அடுக்கியிருக்கும். சறுக்குவது இங்கேதான். உணவகத்தில் ஒரு தட்டு 7 டொலர், இங்கே நாலு துண்டுப் பெட்டி 5 டொலர் என்றால் கை தானாக நீளும். நானும் ஒருமுறை ஹா காவ் வாங்கினேன். இறாலை உள்ளே வைத்து, கோதுமை மாப்பொருளும் மரவள்ளி மாவும் சேர்த்த கண்ணாடித் தோலில் மடித்தது. அது பெட்டிக்குள் எத்தனை மணியிலிருந்து இருந்ததோ, வீட்டுக்கு வந்து திறந்தால் நாலும் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் கிழிந்து, இறால் வெளியே எட்டிப் பார்த்தது. மாப்பொருள் தோலின் குணம் அது. ஆவியில் கூட நேரம் இருந்தால் குழையும், ஆறினால் விறைக்கும். காலையில் அவித்த இடியப்பத்தைப் பின்னேரம் சாப்பிட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அதற்காக பேக்கரி டிம்சம் எல்லாமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லோ மாய் காய் கட்டாயம் வாங்குங்கள். தாமரை இலையில் பொதிந்த ஒட்டரிசி, உள்ளே கோழியும் காளானும். ஒட்டரிசியில் அமிலோஸ் என்ற மாப்பொருள் கிட்டத்தட்ட இல்லை, அதனால் சாதாரணச் சோறுபோல சட்டென்று விறைக்காது. இலையும் ஈரத்தைக் காக்கும். லோ பாக் கோ என்ற முள்ளங்கிக் கேக், அரிசிமாவும் துருவிய முள்ளங்கியும் சேர்த்து அவித்தது, ஆறினால் இன்னும் நல்லது. வீட்டில் தாச்சியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுக வாட்டினால் கடையில் தருவதைவிட நன்றாக வரும். எள்ளு உருண்டை, எங்கள் சுசியத்தின் சீனத் தம்பி, பொரித்து ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் வாங்கலாம். பிந்தினால் தோல் சவ்வு மாதிரி இழுபடும்.

இனி உட்கார்ந்து சாப்பிடும் டிம்சம் உணவகம். கன்ரனீஸ்காரர் இதை 'யம் சா' என்பார்கள், தேத்தண்ணி குடிப்பது என்று அர்த்தம். சாப்பாடு அதற்குத் துணைதான். தட்டுகளை மேசைக்கு மேசை கொண்டுவரும் தள்ளுவண்டி இப்போது அபூர்வமாகத்தான் காணக் கிடைக்கிறது, பெரும்பாலும் தாளில் பென்சிலால் அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் அது நல்லதுக்குத்தான். கேட்ட பிறகுதான் அவிப்பார்கள். ஹா காவ், இறைச்சிக் கலவையை மெல்லிய தோலில் வைத்து மேலே திறந்தபடி அவிக்கும் சியூ மாய், ச்சோங் ஃபன் எல்லாம் மூங்கில் கூடையின் மூடியைத் திறந்த நேரத்தில் சாப்பிட வேண்டிய சாமான்கள். ச்சோங் ஃபன் அரிசிக் கரைசலைத் தட்டில் ஊற்றி ஆவியில் எடுத்துச் சுருட்டுவது, மேலே இனிப்புச் சோயா விடுவார்கள். அதைக் கடதாசிப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவருவது அப்பத்தைத் தபாலில் அனுப்புவது மாதிரி.

தேத்தண்ணி முடிந்தால் கேத்தில் மூடியைச் சாய்த்து வையுங்கள், ஆள் தானாக வந்து தண்ணீர் விடுவார். யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டினால் நன்றி.

செலவைப் பார்ப்போம். போன மாதம் இரண்டு பேர், நாலு தட்டு, 28 டொலர். தேத்தண்ணிக்கு ஆளுக்கு 2 என்று 4. வரி 13 வீதம். அதன் மேல் டிப்ஸ். வெளியே வரும்போது 41 டொலர். மலிவு வேண்டுமென்றால் கிழமை நாளில் வெள்ளனப் போக வேண்டும், பல உணவகங்களில் பதினொரு மணிக்கு முன்னர் விலை குறைவு. சனி, ஞாயிறில் இலக்கத்துண்டு எடுத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். அந்த வரிசையில் நின்ற நேரத்தில் புட்டே அவித்திருக்கலாம்.

பேக்கரியில் வரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டார்ட், கேக், மஃபின் போன்றவற்றை வீட்டுக்கு எடுத்துப்போக ஆறுக்குக் குறைவாக வாங்கினால் விற்பனை வரி. ஆறோ அதற்கு மேலோ ஒன்றாக வாங்கினால் வரியே இல்லை. சூடான டிம்சத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, ஒன்று வாங்கினாலும் ஒன்பது வாங்கினாலும் வரிதான். ஐந்து முட்டை டார்ட்டோடு வரிசையில் நின்றால் அன்ரியே இடுக்கியைக் காட்டி இன்னொன்று எடுக்கச் சொல்வார்.

மூன்றாவது வழி சுப்பர்மார்க்கெட்டின் உறைபெட்டி. டி அண்ட் டி போன்ற கடைகளில் ஹா காவ், சியூ மாய் பொதி பொதியாகக் கிடக்கும். உறைந்ததை உருகவிடாமல் அப்படியே ஆவிக்கு வைக்க வேண்டும். மூங்கில் கூடை தேடி அலையாதீர்கள். இடியப்பச் சட்டியும் தட்டும் போதும், அடியில் ஒரு கோவா இலை போட்டால் ஒட்டாது. உணவகத்து ருசி வராது, இறால் சின்னன், தோல் தடிப்பு. ஆனால் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து வியர்த்துக்கொண்டிருக்கும் ஹா காவைவிட இது மேல். இந்த ஒன்றை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருடம் எடுத்தது.

போட்டிக்கு நாலாவது ஆளும் உண்டு: அதே பிளாசாவின் தமிழ்க்கடை. மீன் பணிஸ், மட்டன் றோல்ஸ், விலையும் ஏறக்குறைய அதுவே. பசிக்குச் சாப்பிட, காரம் வேண்டுமென்றால் அங்கேதான் போவேன். ஆனால் அடுத்த நாள் காலையில் தேத்தண்ணியோடு சாப்பிட என்றால் எங்கள் பணிஸ் கல்லாகிவிடும். சீனப் பணிஸ் அப்படியே இருக்கும்.

ஆகவே வாற சனிக்கிழமை விருந்தாளிகளுக்கு உணவகம் இல்லை. அதைப் பெரியம்மா மொன்றியலிலிருந்து வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அவருக்கு வரிசையில் நின்று ஊர்க்கதை பேசுவதே பாதி டிம்சம். காலை எட்டரைக்கு பேக்கரி, நாலு அன்னாசிப் பணிஸ், இரண்டு லோ மாய் காய், ஏழு முட்டை டார்ட். வீட்டில் ஹா காவுக்கு இடியப்பச் சட்டி அடுப்பில் ஏறியிருக்கும். டார்ட் ஆறு மேசைக்கு. அவணிலிருந்து அப்போதுதான் வந்த சூட்டில் நடுங்கும் ஏழாவதை நான் காரிலேயே முடித்துவிடுவேன், அது மட்டும் ஆறக்கூடாது.