பெரிய முழு எண்களை அலச பாரி/ஜிபி: எங்கே நம்பலாம், எங்கே கவனம் வேண்டும்

2^67−1 (2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைத்தது) என்பது 147573952589676412927. இந்த 21 இலக்க எண்ணை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் முதல் 15 இலக்கம்தான் தங்கும். மிச்சம் ஆறும் சுழியாகிவிடும். கடைசி 7 போன பிறகு அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்றுகூடச் சொல்ல முடியாது. எண்ணின் இயல்பைப் பார்க்க ஓர் இலக்கமும் சிதையாத கருவி வேண்டும். பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இலவச மென்பொருளான பாரி/ஜிபி அந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிறது.

காரணிப்படுத்தும் ஃபாக்டர் கட்டளைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் கண்ணிமைப்பதற்குள் இரண்டு வரி வரும்: 193707721, 1, 761838257287, 1. இடப்பக்கம் பகாக் காரணி, வலப்பக்கம் அதன் அடுக்கு. 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல் கையால் கணக்கிட்டு உலகுக்குக் காட்டிய அதே காரணிகள். விடையைச் சோதிக்கவும் வழி இருக்கிறது: 2^67−1-இன் எந்தப் பகாக் காரணியிலும் 1-ஐக் கழித்தால் 134-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 193707720-ஐ வகுத்துப் பாருங்கள், சரியாக 1445580.

வகுத்திகளின் எண்ணிக்கைக்கு நம்டிவ் கட்டளை, கூட்டுத்தொகைக்கு சிக்மா, எண்ணோடு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்களை எண்ண ஆய்லர்ஃபை. இங்கே பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள். மூன்றுக்கும் எண்ணையே கொடுத்தால் மூன்று முறையும் காரணிப்படுத்தல் முதலிலிருந்து நடக்கும். ஃபாக்டர் தந்த விடையை ஒரு மாறியில் வைத்து அதையே மூன்றுக்கும் கொடுங்கள். நம் எண்ணுக்கு 4 வகுத்திகள். அவற்றின் கூட்டுத்தொகை 147573953351708377936.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. ஓர் எண் பகா எண்ணா என்று வேகமாகச் சோதிக்கும் கட்டளை இஸ்சூடோபிரைம். அது "பகா எண் இல்லை" என்றால் உறுதி. "பகா எண்" என்றால், 2^64-க்குக் கீழே மட்டுமே அது நிரூபணம். அதற்கு மேல் இன்றுவரை தவறியதாக ஓர் எண்கூடத் தெரியாது, ஆனாலும் நிரூபணம் ஆகாது. நிரூபணம் வேண்டுமானால் இஸ்பிரைம் கட்டளை. ஃபாக்டர் தரும் பெரிய காரணிகளுக்கும் இதே விதிதான். ஃபாக்டர்_ப்ரூவன் அமைப்பை 1 ஆக்கினால் ஒவ்வொன்றையும் நிரூபித்தே தரும். இயல்பாகவே அப்படி இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

வர்க்கமூலத்துக்கு ஸ்குவேர்ரூட்டை அழைத்தால் தசம எண் வரும், இலக்கங்கள் வெட்டுப்படும். முழு எண்ணுக்கென்றே இருக்கும் ஸ்குவேர்ரூட்இன்ட் வேண்டும். எதிர்மறை எண்ணைக் காரணிப்படுத்தினால் −1 ஒரு வரியாக வரும், பிழையல்ல. நீண்ட கணக்கில் ஸ்டாக் (பாரி கணக்கிடப் பயன்படுத்தும் நினைவகம்) நிரம்பி நின்றுவிட்டால் பாரிசைஸ்மாக்ஸ் அளவைக் கூட்டிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 60 இலக்கம் வரையுள்ள எண் பெரும்பாலும் தயங்காமல் உடையும். தலா 100 இலக்கமுள்ள இரு பகா எண்களின் பெருக்கலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது பகா எண் அல்ல என்று இஸ்சூடோபிரைம் ஒரு நொடியில் சொல்லும், ஃபாக்டர் காரணிகளைத் தராது.