சண்டையில் கடிபட்ட நாயோடு மறுபடி நடப்பது: மலையகத்துக்கு எந்த வழி பொருந்தும்?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலையானாலும் பண்டாரவளையானாலும், கயிற்றில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினால் கட்டாத நாய்கள் எதிரே வராமல் இருக்காது. ஒரு தரம் பலமாகக் கடிபட்ட நாய்க்கு அதன்பின் ஒவ்வொரு வளைவும் பயம். தூரத்தில் ஒரு வாலைக் கண்டாலே சிலது பாய்ந்து குரைக்கும், சிலது நடுரோட்டில் உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் காரணம் பயம்தான். அதைத் தணிக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எல்லா வழியும் ஒன்றல்ல.

எந்த வழியானாலும் முதலில் காயம். கோரைப்பல் பட்ட ஓட்டை வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே சதை கிழிந்து சீழ் பிடிக்கும். வலியோடு இருக்கிற நாயை எந்தப் பயிற்சியாலும் அமைதிப்படுத்த முடியாது. நமக்கு வாங்கிய பனடோலை (பரசிட்டமோல்) கொடுக்காதீர்கள். அது நாய்க்கு நஞ்சாகலாம். கடித்த நாய் யாருடையது என்று தெரியாவிட்டால், ஊசி முன்பே போட்டிருந்தாலும் விசர்நோய் (ரேபிஸ்) தடுப்பூசியை மறுபடி போடுவது பற்றி மிருக வைத்தியரிடம் உடனே கேளுங்கள். விலக்கப்போய் உங்களுக்கும் பல் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

அதிகம் கேட்கிற யோசனை, “பயத்தை உடைக்கணும், நாய்களுக்கு நடுவிலேயே கொண்டு போ” என்பது. நான் முழுதாக எதிர்ப்பது இதைத்தான். கயிற்றில் இருக்கிற நாயால் ஓட முடியாது, சுற்றி நிற்கிற லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) நாய்களால் முடியும். அது அவற்றுக்கும் புரியும். கொஞ்ச நேரத்தில் நம் நாய் சத்தமில்லாமல் நின்றால் பழகிவிட்டது என்று நினைக்கிறோம். வால் காலுக்குள், உடம்பு விறைப்பு, நீட்டிய இறைச்சியைக்கூட மோந்து பார்க்காது. அது பயத்தில் உறைந்த நாய். இறுக்கும் சங்கிலியும் இதே ரகம்: வேறு நாயைக் காணும்போதெல்லாம் கழுத்து வலித்தால், அந்த நாயே வலிக்குக் காரணம் என்று மனதில் பதியும்.

இதற்கு நேர் எதிர், வெளியே விடாமல் வீட்டிலேயே வைத்திருப்பது. சண்டையின் படபடப்பு உடம்பில் சில நாள் தங்கும் என்பதால், அந்தச் சில நாளுக்கு இது நல்லது. பழைய சாக்கை மடித்து உள்ளே தீனியை ஒளித்து மோந்து தேடவிடலாம். வாரக்கணக்கில் இழுத்தால் பயம் அப்படியே இருக்கும், நாயின் உலகம்தான் சுருங்கும்.

நான் நம்புவது மூன்றாவது வழி: தள்ளி நின்று, தீனியோடு. வேறு நாய் கண்ணில் படுகிறது, நம் நாய் இன்னும் பதறவில்லை. அந்த இடத்தில் நின்று அவித்த கோழி, ஈரல், ஊறவைத்து உப்பு போக்கிய நெத்தலி என்று துண்டு துண்டாகக் கொடுப்பது. மற்ற நாய் மறைந்ததும் தீனி நிற்க வேண்டும். முதலில் நாய், அப்புறம்தான் தீனி. மாற்றிக் கொடுத்தால் தீனியே ஆபத்தின் அடையாளமாகிவிடும். உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் “கிட்ட வந்துவிட்டோம்” என்ற செய்தி. தீனியை மறுத்தால் ரொம்பவே கிட்ட. அது தானாகத் திரும்பிப் போக நினைத்தால் தடுக்காமல் கூடவே போங்கள். விலகிப்போக வழி உண்டு என்று தெரிந்த நாய்க்குப் பாய வேண்டிய தேவை குறையும்.

இதற்கு இடைவெளி வேண்டும், நம் ரோட்டில் இல்லாதது அதுதான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஆனால் தேயிலை நம் பக்கம். கொழுந்து எடுக்கும் செடி இடுப்பளவு. நாயின் கண்ணுக்கு அது மதில். நிரைக்குள் நாலு எட்டு வைத்தால் எதிரே வருகிற நாய் பார்வையிலிருந்து போய்விடும். ஆகவே குறுக்குப் பாதைகள் பிரியும் ரோட்டைத் தேர்ந்தெடுங்கள். மருந்தடித்த தேயிலை மலையைத் தவிருங்கள், மழைக்காலத்தில் அட்டையைப் பாருங்கள், காட்டோரத்தில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு இருக்கும் என்பதால் கயிற்றை விடவே விடாதீர்கள்.

நேரத்தாலும் இடைவெளி கிடைக்கும். விடிகாலையும் அந்தியும் அமைதிதான், ஆனால் சிறுத்தை நடமாடும் நேரமும் அதுவே; தோட்டத்து நாய்களை அது தூக்குவது புதிதில்லை. எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போன பிறகு, முற்பகல் பத்து மணிவாக்கில், லயத்து நாய்கள் வெயில் காய்ந்து படுத்திருக்கும். என் தெரிவு அந்த நேரம்.

அப்படியும் ஒரு நாய் நேராக வந்தால், ஒரு கைப்பிடி தீனியை அதன் முன்னே எறியுங்கள். பெரும்பாலான நாய்கள் பொறுக்க நின்றுவிடும். குடையை விரித்து நடுவில் பிடிக்கலாம், ஆனால் உங்கள் நாயை முதலில் வீட்டில் குடைக்குப் பழக்கியிருக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போட்டால் இழுபட்டாலும் கழுத்து இறுகாது.

நான்காவது, துணை நாய். நிதானமான, தெரிந்த நாய் ஒன்றை இன்னொருவர் பிடிக்க, இருவரும் ஒரே திசையில் இடைவெளி விட்டு நடப்பது. நேருக்கு நேர் சந்திக்கவிடக் கூடாது. நல்ல வழிதான், ஆனால் மூன்றாவது வழி பலன் தர ஆரம்பித்த பிறகு. தொடக்கத்திலேயே செய்தால் முதல் யோசனையின் மென்மையான வடிவமாகிவிடும். மைதானம் போன்ற அகலமான இடம் இல்லாவிட்டால் இதை விட்டுவிடலாம்.

எவ்வளவு தள்ளி நின்றாலும் தீனி எடுக்காமல், இரவில் தூங்காமல், வாசலுக்கு வரவே மறுத்தால் பயிற்சி மட்டும் போதாது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலையிலோ பக்கத்து மிருக வைத்தியரிடமோ பதற்றத்துக்கான மருந்து பற்றிக் கேளுங்கள். சில மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரம் எடுக்கும், பயிற்சியை அதோடு சேர்த்தே நடத்த வேண்டும்.